ஆயுளில் எட்டரை ஆண்டு: ஜெர்மனியின் வறுமை, உடல்நலம், மனநிறைவு ஆய்வுகள்

ஜெர்மனியில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் சட்டப்படியான பொது மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோருக்குத் தனியார் காப்பீடு. 2009 முதல் நாட்டில் வசிக்கும் எல்லோருக்கும் காப்பீடு கட்டாயம். வேலை இழந்து அரசு உதவியில் வாழ்பவருக்கும் சந்தாவை அரசே கட்டிவிடுகிறது. இத்தனையும் உள்ள நாட்டில், வருமான அடுக்கின் அடியில் இருக்கும் ஆணின் சராசரி ஆயுள் 71 ஆண்டு. உச்சியில் இருப்பவருக்கு 79.6. பெண்களுக்கு முறையே 78.4, 82.8. 1992 முதல் 2016 வரையிலான தரவுகளைக் கொண்டு பெர்லினில் உள்ள ராபர்ட் கோக் நிறுவனத்தின் தாமஸ் லாம்பெர்ட்டும் அவருடைய சகாக்களும் 2019-இல் வெளியிட்ட கணக்கு இது. அடி என்பது நாட்டின் நடுமதிப்பு வருமானத்தில் 60 விழுக்காட்டுக்கும் கீழே. உச்சி என்பது 150 விழுக்காடும் அதற்கு மேலும்.

மருத்துவமனைக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தும் ஆண்களின் ஆயுளில் 8.6 ஆண்டு எங்கே போகிறது? ஏழைக்குப் பணம் இல்லை, அதனால் நோய் வருகிறது, அதனால் மகிழ்ச்சி இல்லை என்று மூன்றையும் ஒரே சங்கிலியாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். கடந்த நாற்பது ஆண்டுகளில் ஜெர்மானிய ஆய்வுகள் செய்த பெரிய வேலை, என் பார்வையில், இந்தச் சங்கிலியை அறுத்ததுதான். பணக் குறை, உடல் குறை, மனக் குறை மூன்றும் ஒன்றையொன்று தொட்டாலும் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன. ஒன்றுக்குப் போட்ட மருந்து மற்றதை முழுதாகத் தீர்ப்பதில்லை.

இந்தத் துறைக்கு அங்கே நீண்ட முன்வரலாறு உண்டு. 1848 தொடக்கத்தில் மேல் சிலேசியாவில், இன்றைய போலந்துப் பகுதியில், டைபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு ருடால்ஃப் விர்ச்சோ என்ற இளம் மருத்துவரை விசாரிக்க அனுப்பியது. அவர் எழுதிவந்த அறிக்கையில் மருந்துப் பட்டியலைவிடக் கல்வி, சுயாட்சி, வரிச்சுமை பற்றிய பேச்சே மேலோங்கியிருந்தது. பஞ்சமும் அறியாமையும் அடக்குமுறையும் தான் காய்ச்சலை வளர்த்தன என்றார். அரசு அதைக் கேட்கவா அவரை அனுப்பியது? 1857-இல் சாக்சனியின் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் (மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் வேறு) பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்து, குடும்பம் ஏழையாக ஆக, செலவில் உணவின் பங்கு கூடுகிறது என்ற விதியைக் கண்டார். பிஸ்மார்க் 1883-இல் மருத்துவக் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதியோர் ஓய்வூதியம் என்று அடுத்தடுத்துச் சட்டமாக்கினார். ஓய்வூதியம் 70 வயதில்தான். அந்த வயதை எட்டிய தொழிலாளிகள் அன்று சொற்பம்.

ஆனால் இவையெல்லாம் ஒரு காலப்புள்ளியில் எடுத்த படங்கள். ஏழைகள் அதிகம் நோயுறுகிறார்கள் என்று அவை காட்டும். வறுமை முதலில் வந்ததா, நோய் முதலில் வந்ததா என்று காட்டா. அதற்கு ஒரே மனிதரை ஆண்டுதோறும் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அந்த வேலை 1984-இல் தொடங்கியது. மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 6,000 வீடுகளில் 12,000 பேரைத் தேர்ந்து, வருமானம், வேலை, வாடகை, உடல்நிலை, கவலைகள் எல்லாவற்றையும் கேட்டார்கள். மறு ஆண்டு அதே மனிதர்களிடம் மீண்டும் போனார்கள். பிள்ளை வீட்டைவிட்டுப் போனால் பிள்ளையையும் பின்தொடர்ந்தார்கள். தம்பதி பிரிந்தால் இருவரையும். சமூகப் பொருளாதாரத் தொடர்குழு ஆய்வு என்பது அதன் பெயர். பெயரின் ஜெர்மன் முதலெழுத்துகளைச் சேர்த்து சோயெப் என்பார்கள். பெர்லினில் உள்ள ஜெர்மன் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் அது இன்றும் நடக்கிறது. இப்போது ஏறத்தாழ 30,000 பேர். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு நிறைவு, சுழியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்ற கேள்வியும் அதில் ஆண்டுதோறும் வரும். உலகெங்கும் மனநிறைவு பற்றி எழுதப்படும் பொருளாதாரக் கட்டுரைகளில் கணிசமான பங்கு இந்த ஒரு கேள்விக்கு ஜெர்மானியர் சொன்ன பதில்களை உண்டுதான் வளர்ந்தது.

அந்த ஆய்வாளர்களின் சமயோசிதத்துக்கு ஒரு சான்று: 1990 ஜூலை 1-இல் கிழக்கு ஜெர்மனிக்கு மேற்கின் மார்க் நாணயம் வந்தது. அதற்கு முந்தைய மாதமே, கிழக்கில் இன்னும் பழைய நாணயமும் பழைய கூலியும் இருந்தபோதே, 2,000-க்கும் மேற்பட்ட கிழக்கத்திய வீடுகளில் கேள்வித்தாளோடு போய்விட்டார்கள். ஒரு மாதம் தாமதித்திருந்தால் ஒரு பொருளாதாரம் முழுவதும் மாறுவதற்கு முந்தைய நிலையின் பதிவு என்றென்றைக்கும் கிடைத்திராது.

அதிகம் பேசப்பட வேண்டியது வேலையின்மை பற்றிய முடிவுகள். 1998-இல் லிலியானா விங்கெல்மன், ரைனர் விங்கெல்மன் இருவரும் 1984 முதல் 1989 வரை சோயெப்பில் ஒரே ஆண்களின் பதில்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வேலை போனதும் மனநிறைவு சரிகிறது. இதில் வியப்பில்லை. அந்தச் சரிவில் சம்பள இழப்பால் விளைந்த பங்கு சிறியது என்பதுதான் செய்தி. மிகப் பெரிய பங்கு வேலை இல்லை என்பதனாலேயே வருவது. ரிச்சர்ட் லூகஸ், ஆண்ட்ரூ கிளார்க், யானிஸ் ஜார்ஜெல்லிஸ், எட் டீனர் ஆகியோர் அடுத்த பத்தாண்டில் இன்னும் போனார்கள். திருமணம் தரும் நிறைவின் உயர்வு சில ஆண்டுகளில் பழைய மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. துணையை இழந்தவர் மெல்ல மெல்ல மேலேறி வருகிறார். வேலை இழந்தவரோ, மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய மட்டத்தைத் தொடுவதில்லை. மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்ற உளவியல் நம்பிக்கைக்கு இது பெரிய விதிவிலக்கு.

ஏன் என்பதற்கு நான் படித்ததில் மிகக் கூர்மையான விடை 2014-இல் வந்தது. கிளெமென்ஸ் ஹெட்ஷ்கோ, ஆண்ட்ரியாஸ் க்னாபெ, ரோனி ஷோப் மூவரும் நீண்டகாலம் வேலையின்றி இருந்து அப்படியே ஓய்வூதிய வயதை எட்டியவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் நேற்றும் வேலைக்குப் போகவில்லை, இன்றும் போகவில்லை. நாள் போகும் விதத்தில் எதுவும் மாறவில்லை. 'வேலையில்லாதவர்' என்ற பெயர் போய் 'ஓய்வு பெற்றவர்' என்ற பெயர் வந்தது. மனநிறைவு தாவி ஏறியது. வேலையில் இருந்தபடி ஓய்வு பெற்றவர்களிடம் அப்படி ஒரு தாவல் இல்லை. ஊரார் முன் நிமிர்ந்து நிற்க ஒரு பெயர் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் காட்டியதில்லை.

1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற நெசவாலைக் கிராமத்தில் மரீ யஹோடாவும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் சைசலும் கண்டது ஏறத்தாழ இதுவே. ஆலை மூடிய பின் ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. சோயெப் அதே உண்மைக்குப் பல்லாயிரம் பேரின் சாட்சியைக் கொடுத்தது.

ஆனாலும் இந்தச் சித்திரத்தைக் கலைக்கும் இரு ஆய்வுகளை ஒதுக்கிவிடக் கூடாது. க்னாபெ குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில்லாதவர்களிடம் நேற்றைய நாளை மணிக்கணக்கில் நினைவுகூரச் சொன்னபோது, அவர்களுடைய நாள் வேலை செய்பவர்களின் நாளைவிட மொத்தத்தில் துக்கமாக இல்லை. ஒவ்வொரு செயலிலும் சற்றுக் குறைந்த இன்பமே. ஆனால் அலுவலகத்தில் கழியும் கசப்பான மணிகள் அவர்களுக்கு இல்லாததால் கணக்கு சரியாகிவிடுகிறது. நாளை வாழ்வது வேறு, வாழ்க்கையை மதிப்பிடுவது வேறு. இரண்டாவது, ஹெண்ட்ரிக் ஷ்மிட்ஸ் 2011-இல் எழுதியது. வேலையில்லாதவர்கள் உடல்நலம் குன்றியவர்கள் என்பது பொதுவான புள்ளிவிவரம். அவரோ நிறுவனமே இழுத்து மூடப்பட்டதால், அதாவது தன் உடல்நிலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால், வேலை இழந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தார். அவர்களுடைய உடல்நலம் மோசமானதற்குச் சான்று கிடைக்கவில்லை. நோயாளிகள் வேலையை இழக்கிறார்கள் என்பதே பெரும்பாலான தொடர்பை விளக்குகிறது என்றார். வேலையின்மை மனதை அடிக்கிறது. உடலை அடிப்பது அத்தனை நேரடியாக இல்லை. மூன்று குறைகளும் தனித்தனி வழி என்று மேலே சொன்னதற்கு இதுவே என் முதல் ஆதாரம்.

கிழக்கு ஜெர்மனி அடுத்த ஆதாரம். 1990-க்குப் பிறகு அங்கே நடந்ததை எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்துபார்க்க முடியாது. சில ஆண்டுகளுக்குள் அரசு ஆலைகள் விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன, வேலை உத்தரவாதம் போனது, கடைகள் நிரம்பின, சம்பளம் ஏறியது. 1994-இல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.8 குழந்தைக்கும் கீழே விழுந்தது. அமைதிக் காலத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி உலகில் அரிது. மனநிறைவு முதலில் சரிந்து, பிறகு ஏறத் தொடங்கியது. அந்த ஏற்றத்தில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு வருமான உயர்வால் என்று பால் ஃப்ரெய்டெர்ஸ், ஜான் ஹைஸ்கன்-டினியூ, மைக்கேல் ஷீல்ட்ஸ் 2004-இல் கணக்கிட்டார்கள். பணத்தால் மகிழ்ச்சி வராது என்று பேசி வந்தவர்களுக்கு இது சங்கடமான முடிவு. ஏழைக்குப் பணம் உதவும், ஐயமே வேண்டாம்.

உடல்நலமோ வேறு வேகத்தில் ஓடியது. பெர்லின் சுவர் விழுந்தபோது கிழக்கத்தியர் மேற்கத்தியரைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு அளவுக்கு முன்னதாக இறந்துகொண்டிருந்தார்கள். வேலையின்மை உச்சத்தில் இருந்த தொண்ணூறுகளிலேயே இந்த இடைவெளி வேகமாகச் சுருங்கியது. பெண்களிடம் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆண்களிடம் ஓராண்டுக்கும் சற்று மேல் மிச்சம். ராஸ்டாக் நகரின் மாக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை நிறுவனத்தை நிறுவிய ஜேம்ஸ் வோப்பல் 2003-இல் சகாக்களுடன் காட்டியது இன்னும் வியப்பு: எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய கிழக்கத்தியருக்கும் இறப்பு விகிதம் இறங்கியது. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சோசலிச ஆட்சியிலும் போரிலும் கழித்த உடல்கூட, நல்ல மருத்துவமும் ஒழுங்கான ஓய்வூதியமும் கிடைத்ததும் பதிலளித்தது. மனநிறைவு மட்டும் கிழக்கில் நெடுங்காலம் மேற்குக்குப் பின்னாலேயே நின்றது.

வறுமையை அளக்கும் வேலைக்கு வந்தால், அங்கே ஆய்வும் அரசியலும் மல்லுக்கட்டுகின்றன. நடுமதிப்பு வருமானத்தில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவரை வறுமை அபாயத்தில் இருப்பவர் என்கிறார்கள். 2024-க்குத் தனிநபருக்கு மாதம் 1,378 யூரோ. இரு பெரியவர், இரு சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஏறத்தாழ 2,900. கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கில் 15.5 விழுக்காட்டினர் இந்தக் கோட்டுக்குக் கீழே. இதன் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: எல்லோர் வருமானமும் ஒரே இரவில் இரட்டித்தாலும் விழுக்காடு மாறாது, விடுதியில் தங்கிப் படிக்கும் மருத்துவ மாணவரும் ஏழை, மியூனிக்கின் வாடகையும் கிழக்கத்திய கிராமத்தின் வாடகையும் ஒன்று. ஆண்டுதோறும் சமத்துவ நல அமைப்புகளின் சங்கம் வறுமை அறிக்கை வெளியிட, உடனே நாளிதழ்களில் இது உண்மையான வறுமையா என்ற சண்டை தொடங்கும். கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரிடாஸின் பொதுச்செயலராக இருந்த கேயோர்க் க்ரேமரே, மிகைப்படுத்திய ஓலம் ஏழைக்கு உதவாது என்று எழுதியவர். எனக்கு அவர் வாதத்தில் பாதி உடன்பாடு. கோடு சரியில்லை என்பதற்காக அதன் கீழே இருப்பவர்கள் மறைந்துவிட மாட்டார்கள்.

உண்மையான சோதனை கோட்டில் இல்லை; அரசு தானே கொடுக்கும் குறைந்தபட்சத் தொகையில் இருக்கிறது. 2005 ஜனவரியில் ஹார்ட்ஸ் நான்கு என்று பெயர்பெற்ற சட்டம் வந்தது. நீண்டகால வேலையிழந்தோர் உதவியையும் சமூக உதவியையும் ஒன்றாக்கி, மேற்கில் தனிநபருக்கு மாதம் 345 யூரோ, கிழக்கில் 331 என்று வைத்தது, வாடகை தனி. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வரவுசெலவு ஆய்விலிருந்து. எங்கெலின் வழிவந்த ஆய்வுதான் அது. அடிமட்டக் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று பார்த்து, தேவை என்று கருதுபவற்றை மட்டும் கூட்டுவார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர் தொகையில் 60 விழுக்காடு என்று வெட்டிவிட்டார்கள். 2010 பிப்ரவரி 9-இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தக் கணக்கிடும் முறை செல்லாது என்றது. பிள்ளைகள் குட்டிப் பெரியவர்கள் அல்லர், அவர்கள் தேவையைத் தனியே ஆராயாமல் தொகை வைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அரசு மறுகணக்குப் போட்டது. பியரும் சிகரெட்டும் அத்தியாவசியம் இல்லை என்று பட்டியலிலிருந்து நீக்கியது. முடிவில் தொகை 359-இலிருந்து 364 யூரோ ஆனது. ஐந்து யூரோ! இதற்குச் சில ஆண்டுகள் முன்பு பெர்லின் மாநில நிதியமைச்சராக இருந்த திலோ சராசின், நாளொன்றுக்கு நான்கு யூரோவுக்கும் குறைவாக உண்ண முடியும் என்று ஒரு உணவுப் பட்டியலையே வெளியிட்டிருந்தார். வசதியுள்ளவர் வறியவரின் தட்டை எட்டிப்பார்த்து எண்ணும் இந்த வழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதில்லை.

குறைந்தபட்சத் தொகையின் கணக்கில் அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை ஒன்று உண்டு. உதவிக்குத் தகுதி இருந்தும் கேட்காதவர்கள் மிகப் பலர். நூரம்பெர்க்கில் உள்ள வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் தகுதியுள்ளோரில் 34 முதல் 44 விழுக்காட்டினர் விண்ணப்பிப்பதில்லை என்று மதிப்பிட்டது. முதியோரிடம் இது இன்னும் அதிகம்; 2019-இல் வந்த பெர்லின் ஆய்வொன்று ஏறத்தாழ 60 விழுக்காடு என்றது. விண்ணப்பத்தின் சிக்கல், அறியாமை, பிள்ளைகளிடம் அரசு வசூலிக்குமோ என்ற அச்சம், எல்லாவற்றுக்கும் மேல் வெட்கம். அரசு கொடுக்கும் தொகைக்குக் கீழேயே காலம் தள்ளும் இவர்கள், தொகையைக் கணக்கிட எடுக்கும் அடிமட்டக் குடும்பங்களின் மாதிரியிலும் சேர்ந்துவிடுகிறார்கள். வெட்கப்பட்டவரின் பட்டினி மற்றவரின் தொகையையும் கீழே இழுக்கிறது. இந்த விமரிசனம் பல ஆண்டுகளாக முன்வைக்கப்படுகிறது.

அரசின் வறுமை, செல்வ அறிக்கையும் 2001 முதல் வருகிறது. 2012-இல் அதன் வரைவில் தனியார் சொத்து மிகவும் ஏற்றத்தாழ்வாகப் பகிரப்பட்டிருக்கிறது என்ற வரி இருந்தது. அமைச்சகங்களுக்கிடையே சுற்றிவந்த பின் முன்னுரையில் அந்த வரி இல்லை. பிறகு அரசு தானே ஓஸ்னாபுரூக் பல்கலைக்கழகத்தின் ஆர்மின் ஷேஃபர் குழுவிடம் ஓர் ஆய்வு கேட்டது. வசதியுள்ளோர் விரும்பும் கொள்கை மாற்றங்கள் நிறைவேறும் வாய்ப்பு அதிகம், ஏழைகள் மட்டும் விரும்புபவை நிறைவேறுவதில்லை என்று 2016-இல் முடிவு வந்தது. அடுத்த வரைவில் அந்தப் பகுதிகள் வெட்டப்பட்டன. அந்த வெட்டே ஆய்வை மெய்ப்பித்தது என்று அப்போதே கேலி பேசினார்கள். சொத்துக் கணக்கும் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது; பணக்காரர்கள் மாதிரியில் சிக்குவதில்லை. சோயெப் அவர்களுக்கென்று எடுத்த தனி மாதிரியின் முடிவு 2020-இல் வந்ததும், உச்சியில் உள்ள 1 விழுக்காட்டின் பங்கு மொத்தச் சொத்தில் 22-இலிருந்து ஏறத்தாழ 35 விழுக்காடாகத் திருத்தப்பட்டது.

அடியில் இருப்பவர்களும் வலைக்குள் வருவதில்லை. வீடுதோறும் போகும் ஆய்வுக்கு வீடற்றவர் அகப்பட மாட்டார். நாடு தழுவிய வீடற்றோர் கணக்கு 2022 ஜனவரியில்தான் முதன்முதலாக எடுக்கப்பட்டது. தற்காலிக இல்லங்களில் இருந்தோர் 1,78,000. 2024-இல் அது 4,39,000-க்கும் மேல். உக்ரேனிய அகதிகளும் மேம்பட்ட பதிவும் இந்த உயர்வில் பெரும்பங்கு. குடியேறியோரில் துருக்கியர், இத்தாலியர், கிரேக்கர், ஸ்பானியர், யூகோஸ்லாவியர் ஆகிய ஐந்து தரப்புக்கு 1984-இலேயே சோயெப் தனி மாதிரி எடுத்தது பாராட்டத்தக்கது. அதே எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, 2002-இல் ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பிய தமிழர்கள், இத்தகைய மாதிரிகளில் தனித்துப் பேசும் எண்ணிக்கையில் வருவதில்லை.

உடல்நலக் குறைக்கு மீண்டும் வருவோம். ராபர்ட் கோக் நிறுவனம் 2003 முதல் 2006 வரை 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தது. உடல்பருமன், நடத்தைச் சிக்கல், புகை சூழ்ந்த வீடு எல்லாம் ஏழைப் பிள்ளைகளிடம் அதிகம். ஒவ்வாமையும் தோல் அழற்சியும் மட்டும் வசதியுள்ள வீடுகளில் கூடுதல். அதாவது ஏழ்மை எல்லா நோயையும் கொண்டுவருவதில்லை; பின்னாளில் இதயத்தையும் நுரையீரலையும் கெடுக்கும் நோய்களையே தேர்ந்து கொண்டுவருகிறது. இந்த விதைகள் ஊன்றப்படும்போது காப்பீட்டு அட்டையால் எதுவும் செய்ய முடியாது. அது மருத்துவரிடம் போன பிறகே வேலை செய்யும். 2004 முதல் 2012 இறுதி வரை காலாண்டுக்குப் பத்து யூரோ மருத்துவரிடம் கட்ட வேண்டியிருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். ஆயுள் இடைவெளி அதனால் சுருங்கவில்லை. பின்தங்கிய வட்டாரங்களையும் வசதியான வட்டாரங்களையும் ஒப்பிட்டு 2025-இல் அதே நிறுவனம் வெளியிட்ட கணக்கில், 2003-க்குப் பிறகு இடைவெளி இருபாலாரிடமும் கூடியிருக்கிறது.

கையில் காசைக் கொடுத்துப் பார்த்தால்? 2021 ஜூன் முதல் மூன்று ஆண்டு, தனியே வாழும் 122 பேருக்கு மாதம் 1,200 யூரோ நிபந்தனையின்றிக் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2025 ஏப்ரலில் வந்தது. அவர்கள் வேலையை விடவில்லை. வாரம் சராசரி 40 மணி நேரம் உழைத்தார்கள். மனநிறைவும் மனநலமும் உயர்ந்தன. ஆனால் எல்லோரும் 21 முதல் 40 வயதுக்காரர்கள், ஓரளவு வருமானம் உள்ளவர்கள், குழந்தைகள் அற்ற வீட்டினர். நீண்டகாலம் வேலையின்றிக் கிடந்த ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் பற்றி இதிலிருந்து முடிவு செய்வது தவறு. ஆண்டுதோறும் எந்த மாநிலம் மகிழ்ச்சியில் முதலிடம் என்று வரும் மகிழ்ச்சி வரைபடங்களையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தசமப் புள்ளிகள் சில ஏறி இறங்குவதைச் செய்தியாக்கும் வேலை அது.

குறைகள் தனித்தனி என்றால் கொள்கையும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். ஓய்வூதியத்தில் ஜெர்மனி இதைச் செய்யவில்லை. அங்கே செலுத்திய சந்தாவுக்கு ஏற்ற ஓய்வூதியம் என்பது கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஓய்வூதிய நிதியத்தின் தரவுகளைக் கொண்டு பீட்டர் ஹான் குழு மேற்கு ஜெர்மானிய ஆண் ஊழியர்களை ஆராய்ந்தது. 1920-களின் நடுவில் பிறந்தவர்களில் 65 வயதுக்குப் பின் அதிகம் சம்பாதித்தவர் குறைவாகச் சம்பாதித்தவரைவிட நான்கு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார். 1940-களின் இறுதியில் பிறந்தவர்களிடம் இது ஏழு ஆண்டாகியிருக்கிறது. குறைந்த கூலிக்காரர் கட்டிய சந்தாவில் ஒரு பங்கு, நீண்டு வாழும் உயர்சம்பளக்காரரின் ஓய்வூதியமாகப் போகிறது. 2007-இல் இயற்றிய சட்டம் ஓய்வு வயதைப் படிப்படியாக 2031-க்குள் 67-ஆக உயர்த்துகிறது. இன்னும் உயர்த்த வேண்டும் என்ற பேச்சும் ஓயவில்லை. அடிமட்ட வருமான ஆண்களில் 27 விழுக்காட்டினர் 65-ஐயே காண்பதில்லை. உச்சியில் அது 14 விழுக்காடு. எல்லோருக்கும் ஒரே வயது என்று சட்டம் எழுதுவோர், தங்கள் நாட்டு ஆய்வாளர்களே போட்டுவைத்த இந்தக் கணக்குக்குப் பதில் சொன்ன பிறகே அடுத்த உயர்வைப் பற்றிப் பேச வேண்டும்.